வெள்ளிக்கிழமை றோல்ஸ்

அவித்த உருளைக்கிழங்கை அப்பா ஆறவிடமாட்டார். சட்டியிலிருந்து நேரே எடுத்து இடது கையிலிருந்து வலது கைக்கும் மறுபடி இடதுக்கும் மாற்றுவார். மூன்றாம் தரம் மாறும்போது தோல் தனியே வந்திருக்கும். நான் முள்ளுக்கரண்டியால் குத்திப் பிடித்து உரிப்பேன். அவர் நான்கு கிழங்கு முடிக்க நான் ஒன்று முடிப்பேன்.

"உது ஒப்பரேசன் இல்லைப் பிள்ளை, கிழங்கு," என்பார்.

நாங்கள் இருவரும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை அது. தவக்காலத்தின் மூன்றாம் கிழமை, வியாழக்கிழமை, பின்னேரம் ஐந்தரை மணி, ஐந்து கிலோ கிழங்கு. பாதி உரித்திருந்தபோது கேட்டார்.

"நாளைக்கு வெள்ளி. நினைவிருக்கே?"

"ஓமப்பா."

என்னைப் பார்த்தார். பிறகு அடுத்த கிழங்கை எடுத்தார்.

"தண்ணியெண்டாலும் வடிவாக் குடி."

அவர் பெயர் கிறகோரி. வயது அறுபத்தெட்டு. உரும்பிராயில் எங்கள் வீட்டின் பின்பக்கத் தாழ்வாரந்தான் அவருடைய தொழிற்சாலை. இரண்டு காஸ் அடுப்பு, ஒரு பெரிய தாச்சி, பாண்தூள் பரப்ப ஒரு தகரத் தட்டு. இளவயதில் பேக்கரியில் மா பிசைந்தவர். பேக்கரி மூடியபோது வேறு வேலை தேடாமல் வீட்டில் றோல்ஸ் சுற்றத் தொடங்கினார். மெல்லிய மாத்தோசைக்குள் கிழங்குக் கறி வைத்துச் சுருட்டி, பாண்தூளில் புரட்டிப் பொரிப்பது. நாளுக்கு இருநூற்றைம்பது. விடியற்காலை நான்கு மணிக்குக் கறி தாளித்து, ஐந்தரைக்குப் பொரித்து முடித்து, சைக்கிளின் பின்னால் இரண்டு பெட்டி கட்டி ஆறு மணிக்குப் புறப்படுவார். சுன்னாகத்தில் இரண்டு தேநீர்க்கடை, ஒரு பாடசாலை, கடைசியாக நான் வேலை செய்யும் வைத்தியசாலையின் சிற்றுண்டிச்சாலை. ஏழு மணிக்கெல்லாம் திரும்பி விடுவார். நான் அங்கே ஆய்வுகூடத்தில் இருக்கிறேன். இரத்தம், சிறுநீர், சளி. ஏழரைக்குத்தான் போவேன். வழியில் நாங்கள் சந்திப்பதில்லை.

மற்ற நாட்களில் அவருடைய றோல்ஸுக்குள் தகரப் பேணியில் வரும் ரின்மீன் இருக்கும். வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும். அது வியாபாரத்துக்கும் வசதி. சைவக்காரர் வெள்ளியில் மச்சமாமிசம் தொடமாட்டார்கள். வேதக்காரரான எங்களுக்கு அது இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசன நாள். "கிழமையிலை ஒருநாள் எண்டாலும் யாழ்ப்பாணம் முழுக்க ஒரு கறி," என்பார் அப்பா.

வெள்ளிக்கிழமை றோல்ஸுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. உப்புக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அன்று அவர் ஒருசந்தி. மத்தியானம் ஒருநேரச் சாப்பாடு, அதற்கு முன் ஒன்றுமில்லை. கறியை ருசி பார்க்கவும் மாட்டார். சமைக்கிறவர் உப்புப் பார்ப்பதில் குற்றமில்லை என்று பங்குச் சாமியார் சொல்லியும் கேட்கவில்லை. "நாக்கிலை பட்டால் பட்டதுதான்." கறியின் மேல் குனிந்து மணந்து பார்த்து உப்புப் போடுவார். கூடிவிடுமோ என்ற பயத்தில் எப்போதும் ஒரு சிட்டிகை குறையும். தேநீர்க்கடைக்காரர்கள் வெள்ளியில் மேசைக்கு மிளகுதூளோடு உப்பும் வைப்பார்கள்.

பட்டினியில் எத்தனை வகை உண்டு என்று அப்பாவுக்கு மனப்பாடம். ஒருசந்தி வேறு, சுத்தபோசனம் வேறு. பெரிய வெள்ளிக்குப் பின்னேரம் மூன்று மணிவரை தண்ணீரும் இல்லை, பிறகு கஞ்சி. விபூதிப் புதன் அதற்கு அடுத்த கடுமை. ஒரு தியான மண்டபத்தில் மூன்று நாள் தண்ணீர் உபவாசம் இருந்துவிட்டு வந்து, "உது குமரன்மாருக்குச் சரி," என்று அதைக் கைவிட்டார். மாதத்தில் ஒரு நாள் குடலுக்கு ஓய்வு என்று இளநீர் மட்டும் குடிப்பார். ஒருமுறை தொலைபேசியில் யாரோ அனுப்பிய காணொளியைப் பார்த்துப் பதினாறு மணித்தியாலம் சாப்பிடாமல் எட்டு மணித்தியாலம் சாப்பிடும் முறையையும் முயன்றார். மேசையில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு ஒரு கிழமை. நிறை ஒன்றேகால் கிலோ குறைந்தது. ஆனாலும் விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"ஒருத்தருக்காகவும் இல்லாமல் சும்மா பசி கிடக்கிறது விசர் வேலை பிள்ளை. பசிக்கேக்கை ஆரை நினைக்கிறது?"

பக்கத்து வளவில் வெங்காயம் போடும் கதிரவேலு மாமா, பட்டினியில் அவருக்குச் சமமான எதிரி. கந்தசஷ்டி ஆறு நாளும் மிளகும் தண்ணீரும் மட்டும். வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று இருவரும் கணக்குத் தீர்ப்பார்கள்.

"கிறகோரி அண்ணை, எங்கடை ஆள் ஆறு நாளிலை சூரனை முடிச்சுப்போடுவார். உங்கடை ஆளுக்கு நாப்பது நாள் வேண்டிக்கிடக்கு."

"எங்கடை ஆள் ஒருத்தரையும் முடிக்கேல்லை. தன்னையெல்லோ முடிச்சவர்."

"அதுவும் பட்டினி கிடந்தோ?"

"நீர் சிரியும். ஆறு நாள் முடிய ஏழாம் நாள் நீர் திண்ட தோசையை உம்மடை மனிசி எனக்குச் சொன்னவ. பதினேழாம்."

"அவளை நம்பாதேங்கோ, அவளுக்குக் கணக்கு வராது. பத்தொன்பது."

அப்பாவுடைய வெள்ளிக்கிழமை ஒருசந்தி என் தம்பி றஞ்சித்துக்காக. அவன் இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் படகில் அவுஸ்திரேலியா போனான். இருபத்தொரு வயது. போய்ச் சேர்ந்துவிட்டான் என்ற செய்தி பத்தொன்பது நாட்களுக்குப் பிறகு வந்தது. வந்த அடுத்த வெள்ளி அப்பா தொடங்கினார். அவன் வந்து நம் வீட்டில் ஒருநேரம் சாப்பிடும்வரை என்பது நேர்த்தி. அவனுக்கு அங்கே கிடைத்தது தற்காலிக வதிவிடப் பத்திரம், ஊருக்கு வர முடியாது. அம்மா இறந்தபோதும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் பார்த்துக் கதைப்பான். அப்பா கேட்கும் முதற் கேள்வி எப்போதும் ஒன்றே. "சாப்பிட்டியே?" அவன் கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தான். "கோழியைக் கண்டாலே பசி போகுதப்பா," என்பான். அப்பா அதற்குச் சிரிக்கமாட்டார்.

அப்பாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, தெரியவந்து ஆறு வருடம். டொக்டர் தந்த குளிசையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. சென்ற ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, பெட்டிகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், உரும்பிராய்ச் சந்திக்குக் கிட்டச் சைக்கிளோடு விழுந்தார். கதிரவேலு மாமா கண்டு ஓட்டோவில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார். அவருடைய இரத்தத்தைக் கருவியில் ஓட்டிச் சீனி பார்த்தது நான்தான். நாற்பத்தாறு. நூற்றுக்குமேல் இருக்க வேண்டிய மனிதர்.

குளுக்கோஸ் ஏறி அவர் கண் திறந்தபோது கேட்டேன்.

"காலமை குளிசை போட்டனீங்களோ?"

"ஓம்."

"சாப்பிடாமலோ?"

"குளிசை சாப்பாடே பிள்ளை? டொக்டர் ஒருநாளும் விடக்கூடாதெண்டவர். நான் விடேல்லை. ஆண்டவருக்குச் சொன்னதையும் விடேல்லை."

இரண்டு பேரின் கட்டளையையும் ஒரு எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிய மனிதர் நனைந்த சட்டையோடு கட்டிலில் கிடந்தார். கதிரவேலு மாமா கால்மாட்டில் நின்றார். "எங்கடை முருகனெண்டால் வருத்தக்காரனுக்குப் பாலும் பழமும் விடுவார் அண்ணை. உங்கடை ஆளிட்டை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ," என்றார்.

இனிப் பட்டினி கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அப்பா அந்தத் துண்டை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப றஞ்சித்துக்கு ஆர் ஒருசந்தி இருக்கிறது?"

"நான் இருக்கிறன்," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. நான் பூசைக்குப் போய்ப் பல வருடம். அவர் காலையில் சாப்பிட வேண்டும், அதற்கு என்ன சொன்னால் நடக்குமோ அதைச் சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்துச் சிலுவை போட்டார். அடுத்த வெள்ளி காலை இரண்டு துண்டுப் பாணும் சம்பலும் என் முன்னால் சாப்பிட்டார்.

முதல் வெள்ளி நான் உண்மையாகவே ஒன்றும் சாப்பிடவில்லை. பத்து மணிக்குக் கை நடுங்கியது. பிப்பெற்றில் இருபது மைக்ரோலீற்றர் எடுக்க வேண்டிய இடத்தில் குமிழி வந்தது. ஒருவருடைய முடிவைப் பிழையாகக் கொடுத்துவிடுவேன் என்று பயந்து சிற்றுண்டிச்சாலைக்குப் போனேன். இரண்டு றோல்ஸ், ஒரு பிளேன்ரீ. இரண்டாம் வெள்ளி கை நடுங்கமுன்னமே போனேன். அதன்பிறகு காரணம் தேவைப்படவில்லை.

இரவில் அப்பா என் தட்டில் சோற்றைத் தானே போடுவார். "பசியெல்லே?" என்று ஒரு அகப்பை கூடப் போடுவார். நான் சாப்பிடுவேன்.

அந்தப் புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் வெள்ளிக்கிழமை றோல்ஸில் உப்புச் சரியாக இருந்தது. காலையில் சாப்பிடுகிறார், ருசி பார்க்கிறார் என்று நினைத்துத் திருப்திப்பட்டேன். கார்த்திகையில் மறுபடி குறைந்தது. வயது போகிறது, நாக்கு மரக்கிறது என்று நினைத்தேன். ஒரு பிழை மறுபடி மறுபடி ஒரே நாளில் வந்தால் காரணம் தேட வேண்டும் என்பது என் தொழிலின் முதற் பாடம். நான் மேசையில் இருந்த உப்பைத் தூவிக்கொண்டேன்.

நாங்கள் கிழங்கு உரித்தது வியாழன். சனிக்கிழமை காலை அவர் பெட்டிகளைக் கொடுத்துவிட்டு வந்து, சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்ற வாசற்படியில் இருந்தார். பிறகு எழும்பவில்லை. மாரடைப்பு. புறப்படமுன் பாண் சாப்பிட்டிருந்தார், கோப்பை கழுவாமல் இருந்தது. பட்டினிக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பதற்கு என்னிடம் தரவு இல்லை. இல்லை என்பதற்கும் இல்லை.

கதிரவேலு மாமா தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அடக்கத்துக்குச் சேமக்காலைவரை நடந்தார். றஞ்சித் தொலைபேசித் திரைக்குள் இருந்தான். கை நோகும்போது மாமா மறு கைக்கு மாற்றினார். ஒரு தரமும் தாழ்த்தவில்லை.

எட்டாம் நாள் பூசைக்குச் சிற்றுண்டிச்சாலை நடத்தும் அடைக்கலநாதன் வந்தார். சாப்பாடு முடிந்து கை கழுவிய இடத்தில் என்னிடம் சொன்னார்.

"ஐயாவை மறக்கேலாது மிஸ். உங்களிலை சரியான பட்சம். போன நவம்பர் தொடங்கேக்கை ஒரு வெள்ளிக்கிழமை கேட்டவர், என்ரை மகள் வெள்ளியளிலை இஞ்சை வாறவவோ எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் ஐயா, பத்து மணிக்கு முதல் ஆள் அவதான், ரெண்டு றோல்ஸ், வேறை ஆக்கள் போடுறது எண்டால் தொடமாட்டா எண்டு சொன்னன். சொன்னது பிழையே?"

"இல்லை. அப்பா என்ன சொன்னவர்?"

"வெறும் பெட்டியைச் சைக்கிளிலை கட்டினவர். பிறகு சிரிச்சுப்போட்டு, 'பாவம், நிண்ட நிலையிலை வேலை செய்யிற பிள்ளை,' எண்டவர். அதிலையிருந்து வெள்ளியிலை ரெண்டு றோல்ஸைத் தனியாத் தாளிலை சுத்தித் தருவார். நல்லா முறுகினதாப் பாத்து எடுத்தது. 'மகள் வரேக்கை உதைக் குடும். நான் தந்ததெண்டு சொல்லாதையும்.'"

எனக்குக் கிடைத்த இரண்டும் எப்போதும் முறுகலாக இருந்தன. அதை நான் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

அன்று பின்னேரம் அவர் சீனி எழுதும் கொப்பியை எடுத்தேன். விழுந்து எழும்பிய பிறகு சீனி பார்க்கும் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு விரலில் குத்திப் பார்த்து எழுத வேண்டும். ஒழுங்காக எழுதினார். ஞாயிறுதோறும் நான் பார்த்துக் கையொப்பம் வைத்தேன். 171, 164, 149, 180. ஒன்றும் பயப்படும்படியாக இல்லை. நவம்பர் இரண்டாம் வெள்ளி: 156. அடுத்த வெள்ளி: 156. அதற்கு அடுத்த வெள்ளி: 156. நத்தாருக்கு மறுநாளும் வெள்ளி, 156. பதினெட்டு வெள்ளிக்கிழமை, ஒரே இலக்கம், ஒரே நீல மை. கடைசி ஒன்றைத் தவிர எல்லாவற்றின் கீழும் என் கையொப்பம்.

ஆய்வுகூடத்தில் ஒரே இலக்கம் அடுத்தடுத்து மூன்று தரம் வந்தால் கருவியை நிறுத்திவிடுவேன்.

கருவிக்கு நினைவகம் உண்டு. அது அவருக்குத் தெரியாது. பொத்தானை அழுத்திப் பின்னோக்கிப் போனேன். வெள்ளிகளில் 97, 104, 92, 99. பசித்திருப்பவனின் இலக்கங்கள். குத்தச் சொன்ன நேரத்தில் குத்தியிருக்கிறார், வந்ததைப் பார்த்திருக்கிறார், பிறகு சாப்பிட்டவனின் இலக்கத்தை எழுதியிருக்கிறார். குளிசையை மத்தியானச் சாப்பாட்டுக்கு மாற்றியிருக்க வேண்டும், அதனால்தான் விழவில்லை. ஒருமுறை, "சாப்பிட்டவனுக்கு எவ்வளவு இருந்தால் நல்லம் பிள்ளை?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. நூற்றெண்பதுக்குக் கீழே என்று சொன்னேன். ஏன் 156ஐத் தேர்ந்தெடுத்தார் என்று தெரியவில்லை.

நான் ஒருசந்தி இருக்கவில்லை என்று தெரிந்த அடுத்த வெள்ளி அவர் தானே தொடங்கியிருக்கிறார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரவில் என் தட்டில் ஒரு அகப்பை கூடப் போடுவதையும் நிறுத்தவில்லை.

ஏன் அப்படி விடாப்பிடியாக இருந்தார் என்பதற்கு ஒரு விடை உண்டு. அந்த மாதங்களில் றஞ்சித்தின் காரியம் அசைந்துகொண்டிருந்தது. தை மாதத்தில் அவனுக்கு நிரந்தரப் பத்திரமும் பயணப் பத்திரமும் கிடைத்தன. ஊருக்கு வர அவனுக்கு இன்னும் பயம். ஆனால் இந்தியாவுக்கு வரலாம். தொலைபேசியில் அழுதுகொண்டு சொன்னான்.

"அப்பா, மே மாசம் வேளாங்கண்ணிக்கு வாறன். நீங்களும் அக்காவும் பலாலியாலை பிளேனேறி வாங்கோ. பத்து நாள் ஒண்டா நிப்பம்."

அப்பா வழமையான கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார். "அங்கை அறை எடுத்தால் சமைக்க அடுப்பு இருக்குமோ?" என்று கேட்டார்.

"எதுக்கப்பா அடுப்பு? கடையிலை சாப்பிடலாம்."

"கடையிலை நீ பதின்மூண்டு வரியம் சாப்பிட்டிட்டாய்."

நேர்த்தி நம் வீட்டில் சாப்பிடும்வரை என்பதல்லவா, வேளாங்கண்ணியில் சாப்பிட்டால் செல்லுமா என்று கதிரவேலு மாமா வேலிக்கு மேலால் கேட்டார். "நான் சமைச்சால் அது என்ரை வீடு," என்றார் அப்பா. அன்றே ஒரு சிறிய தாச்சியைத் தேய்த்து, பயணப்பையின் அடியில் வைத்துப் பார்த்தார். கைபிடி வெளியே நின்றது.

அவரிடம் கடவுச்சீட்டு இருந்ததில்லை. படிவத்தை நான் நிரப்பினேன். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்தேன். எஞ்சியது படம் மட்டும். அதை அனுமதி பெற்ற ஸ்ரூடியோவில் எடுக்க வேண்டும். தவக்காலத்தின் முதற் சனிக்கிழமை, அவர் சாவதற்குச் சரியாக மூன்று கிழமைக்கு முன், சுன்னாகத்துக்குப் போனோம். வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தார். அவர் அப்படிப் பூட்டி நான் கண்டது அம்மாவின் அடக்கத்தன்று மட்டும்.

ஸ்ரூடியோவில் ஒரு சுவர்க் கண்ணாடி, அதன் கீழே சீப்பு. அப்பா தலை வாரினார். முக்காலியில் ஏறி இருந்தார். படம் எடுப்பவர் அவருடைய நாடியைச் சற்று உயர்த்திவிட்டார்.

"நேரை பாருங்கோ ஐயா. சிரிக்கக்கூடாது."

அப்பா நேரே பார்த்தார். நேரே இருந்தது கண்ணாடி. கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. விபூதிப் புதன், அதற்கு அடுத்த வெள்ளி, அதற்கு முன்னால் பதினாலு வெள்ளி. ஒன்றும் அப்போது எனக்குத் தெரியாது. மெலிந்துவிட்டீர்கள் என்று வழியில் சொன்னபோது, "வயசு போனால் வத்துந்தானே," என்றிருந்தார்.

"தம்பி, பொறும்," என்றார் அப்பா. "இந்தப் படத்தைத்தானோ மகனுக்கும் அனுப்ப வேணும்?"

"ஓமப்பா," என்றேன் நான். "பாஸ்போட் வந்த உடனை அந்தப் பக்கத்தை அனுப்பினால்தான் அவன் ரிக்கெற் போடலாம்."

"அவன் பாத்தால் நான் வருத்தத்திலை கிடக்கிறன் எண்டெல்லோ நினைப்பான். கோழி வெட்டேக்கை கையை வெட்டிப்போடுவான்."

"எடுத்திட்டுப் போவமே அப்பா. அவன் ஒண்டும் நினையான்."

ஒரு தரம் சொன்னேன். எனக்கு அன்று பின்னேர முறை, இரண்டு மணிக்கு வேலை இருந்தது. இரண்டாம் தரம் சொல்லவில்லை.

அப்பா மூச்சை இழுத்து, வாயை இறுக மூடி, கன்னம் இரண்டையும் காற்றால் நிரப்பினார். அப்படியே படம் எடுப்பவரைப் பார்த்துக் கையால் காட்டினார், எடும், எடும் என்று.

"ஐயா, உப்பிடி எடுத்தால் அங்கை திருப்பி அனுப்புவினம். காத்தை விடுங்கோ."

அவர் காற்றை விட்டார். முகம் பழையபடி ஆனது. எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

"உயிர்த்த ஞாயிறு கழிய வாறன் தம்பி," என்றார். "அதுக்கிடையிலை கன்னம் வந்திடும்."

முக்காலியிலிருந்து இறங்கினார். சீப்பில் இருந்த தன் இரண்டு நரைமுடியை எடுத்துவிட்டு, அதை இருந்த இடத்தில் வைத்தார். வாசலுக்கு வந்ததும் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.